மெரினின் குரலுக்கு அடியில்

எங்கள் உப்பளம் பகுதியில் மெரினைத் தெரியாதவர்கள் நிறைய பேர் உண்டு. மெரினின் குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. ஐந்து வருடமாக அந்தப் பெண்ணுக்கு அதுதான் தலைவலி.

நான் அவர்கள் தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸோடு மனு எழுதித் தருவது, கல்யாணப் பத்திரிகையில் பிழை திருத்துவது, ஆட்டோ விளம்பரத்துக்கு வாசகம் எழுதுவது எல்லாம் உண்டு. மெரினின் கணவர் டோனி ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஓட்டுகிறார். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு குழாய். சேலைத் தள்ளுபடி, சர்க்கஸ், சொட்டு மருந்து, நாளைக்குத் தண்ணீர் வராது, மாதா கோயில் தேர், எதுவானாலும் நான் எழுதுவேன், மெரின் பேசிப் பதிவு செய்வாள், டோனி ஊரெல்லாம் சுற்றுவார். கல்யாணமாகி வந்த புதிதில் வேறு ஆள் வரவில்லை என்று ஒருநாள் ஒப்புக்குப் பேசியவள். பதினைந்து வருடம் அவளே பேசினாள்.

அவர்கள் வீட்டில் சமையலறையைக் குசினி என்பார்கள். குசினியை ஒட்டிய சாமான் அறைதான் ஸ்டூடியோ. கதவில் இலவம்பஞ்சு மெத்தையைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வியர்க்க வியர்க்கப் பேசுவாள். ஒரு வரி முடிந்ததும் மனதுக்குள் மூன்று எண்ணுவாள். அப்புறம்தான் அடுத்த வரி. குழாய்ச் சத்தம் சுவரில் மோதித் திரும்பி வரும். இடைவெளி விடாவிட்டால் போன வரி வந்து அடுத்த வரியைத் தின்றுவிடும். வெளியூரில் பேசிப் பதிந்துகொண்டு வருகிறவர்களுக்கு இந்த விவரம் தெரியாது. அவர்கள் ஆட்டோ போனால் சேலை என்பது காதில் விழும், எந்தக் கடை என்பது விழாது. மெரின் பேசினால் கடையின் கதவு எண் வரைக்கும் விழும்.

இரண்டாயிரத்து இருபது மார்ச் கடைசியில் ஒரு அலுவலகத்திலிருந்து கொரோனா அறிவிப்பு வந்தது. அரசாங்கத் தமிழ். இதைத் தெருவில் சொன்னால் ஒருவருக்கும் புரியாது என்று நான்தான் உடைத்து எழுதிக் கொடுத்தேன். "பொதுமக்கள் கவனத்திற்கு. கொரோனா வேகமாகப் பரவுகிறது. தேவையில்லாமல் வீட்டை விட்டு வெளியே வராதீர்கள். முகக்கவசம் அணியுங்கள். காய்ச்சல் இருந்தால் மறைக்காதீர்கள்." அவ்வளவுதான். மெரின் முதலில் சேலைத் தள்ளுபடி பேசுகிற இனிப்போடு பேசிவிட்டாள். கேட்ட அதிகாரி போனிலேயே, "கொஞ்சம் பயம் வர்ற மாதிரி பேசுங்கம்மா" என்றார். மறுபடி பேசினாள். அந்த இரண்டாவது பதிவுதான் ஊருக்குள் போனது. பயம் நன்றாகவே வந்தது.

அதே பதிவு இரண்டு வருடம் ஓடியது. காலையில் உப்பளம், மத்தியானம் முதலியார்பேட்டை, சாயங்காலம் அரியாங்குப்பம், நோணாங்குப்பம். நாய்கூட இல்லாத தெருவில் இந்தக் குரல் மட்டும் போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகள் அதை மனப்பாடமாக ஒப்பித்தார்கள். வீட்டுக்குள் ஒருவர் மூச்சுக்குத் திணறும்போது ஜன்னல் வழியாக இதுதான் கேட்டது. பிணத்தைக் கண்ணாடித்தாளில் சுற்றி ஏற்றும்போதும் இதுதான் கேட்டது.

கொரோனா போனதும் ஊர் செய்த முதல் காரியம் அதை மறந்ததுதான். எனக்கு இதில் கோபம் உண்டு. அது வந்தது பத்தொன்பதிலா இருபதிலா என்று டீக்கடையில் சண்டை போடுகிறார்கள். கடை வாசலில் நிற்பதற்கு வட்டம் போட்டோமே என்றால், அப்படியா, என்கிறார்கள். எங்கள் தெருவில் ஏழு பேர் போனார்கள். யோசிக்காமல் சொன்னால் எனக்கே ஐந்து பெயர்தான் வருகிறது. மீதி இரண்டு பெயருக்கு வீடு வீடாக மனதில் நடந்து பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த மறதியில் என் பங்கும் உண்டு.

ஆனால் மனது மறந்ததை உடம்பு மறக்கவில்லை. இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஆடி மாதம் ஒரு ஜவுளிக்கடைக்கு மெரின் பேசினாள். ஆட்டோ டீக்கடையைத் தாண்டியது. "பொதுமக்கள் கவனத்திற்கு" என்று குரல் வந்ததுமே அங்கே நின்ற மூன்று பேரின் கை ஒரே நேரத்தில் சட்டைப் பைக்குப் போனது. முகக்கவசத்தைத் தேடியிருக்கிறார்கள். அதில் ஒருவன் நான். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். ஜவுளிக்கடைக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. "கொரல் நல்லாத்தான் இருக்கு டோனி. ஆனா இத கேட்டா ஜனங்க கடைக்கு வர்றதுக்குப் பதிலா கதவ சாத்திக்குறாங்க" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அடுத்தடுத்து எல்லோரும் அதையே வேறு வேறு மரியாதையோடு சொன்னார்கள். கடைசியில் டோனியே கம்ப்யூட்டர் பேசுகிற ஒரு பெண் குரலை வாங்கி ஓட்ட ஆரம்பித்தார். அந்தக் குரலுக்கு மூச்சு வாங்குவதே கிடையாது.

மெரின் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பைபிள் வாசகம் படிப்பாள், அதையும் விட்டாள். யாரும் விடச் சொல்லவில்லை. ஒருநாள் அவள் படிக்க ஆரம்பித்ததும் நடு வரிசையில் ஒரு பெண் எழுந்துபோய், படித்து முடிக்கிற வரைக்கும் வெளியே நின்றாளாம். "நான் வாயத் தொறந்தா யாருக்கோ என்னமோ ஞாபகம் வருதுண்ணே. எதுக்கு வம்பு" என்றாள் என்னிடம். அதற்கப்புறம் பேச்சே குறைந்துபோனது. என் கடைக்கு வந்தாலும் தாளை நீட்டி விரலைக் காட்டுவாள், இரண்டு காப்பி என்று.

இதில் எனக்குப் பொறுக்காதது வேறு ஒன்று. ஊருக்கெல்லாம் பயம் தந்த அந்தக் குரல் அவளுக்கு மட்டும் நிம்மதியாக இருந்தது. டோனி அப்போது தினமும் வெளியே. மாலையில் தூரத்தில் தன் குரல் கேட்டால் மனுஷன் உயிரோடு திரும்புகிறார் என்று அர்த்தம். அந்தச் சத்தம் கிட்ட வர வர உலையில் அரிசியைப் போடுவாளாம். என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள், வேறு யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்ல முடியும்?

போன வருடம் ஜூன் மாதம், கடைக்கு ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து இருபத்தாறு வயதிருக்கும். பெயர் துர்கா, ஊர் நோணாங்குப்பம்.

"கொரோனா டைம்ல ஆட்டோல பேசுனாங்களே ஒரு லேடி, அவங்க இந்தத் தெருதானாமே?" என்றாள்.

புகார் சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்து, "என்ன விஷயம்?" என்று கொஞ்சம் விறைப்பாகவே கேட்டேன். அவள் போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினாள். பார்த்தபின் நானே கடையை மூடிவிட்டு அவளை மெரின் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

நாற்பது விநாடி வீடியோ. இரண்டாயிரத்து இருபத்தொன்று மே மாதம் எடுத்தது. துர்கா காய்ச்சலோடு மாடி அறையில் தனியாக இருந்திருக்கிறாள். பால்கனியிலிருந்து எடுத்திருக்கிறாள். கீழே ஆம்புலன்ஸ். அவளுடைய அப்பா தணிகாசலம், படகுக் குழாமில் படகு ஓட்டியவர், வண்டியில் ஏறப் போகிறார். வாசலில் அம்மா தனக்கொடி. அவர் ஒரு காலை வண்டியில் வைத்துவிட்டுத் திரும்புகிறார். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கி, அம்மாவைப் பார்த்து என்னவோ சொல்கிறார். பத்து பன்னிரண்டு விநாடி சொல்கிறார். அதே நேரம் தெருமுனையில் டோனியின் ஆட்டோ. வீடியோ முழுக்க மெரின்தான் பேசுகிறாள். மேலிருந்து எடுத்ததால் அவர் முகமும் தெரியவில்லை, உச்சந்தலைதான் தெரிகிறது. ஏறிப் போனவர் ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனார். மூச்சுக்கு மாஸ்க் போட்டிருந்ததால் போனிலும் பேசவில்லை.

"அன்னிக்கு காலைலேருந்து போமாட்டேன்னு சொன்னாரு. ஆக்சிஜன் எறங்கிடுச்சு, அம்மாதான் அழுது சண்ட போட்டு அனுப்புனாங்க" என்றாள் துர்கா. "அம்மாவுக்கும் ஒண்ணும் கேக்கல. ஆனா, 'போமாட்டேன்னு சொன்னனே, கேட்டியாடி'ன்னுதான் கேட்டிருப்பாருன்னு அவங்களா முடிவு பண்ணிட்டாங்க. நாலு வருஷமா அதே பேச்சு. அப்பா படத்துக்கு முன்னாடி நிக்கவே மாட்டாங்க. படையல் போட்டா பின்கட்டுல போயி ஒக்காந்துக்குவாங்க. ஸ்டூடியோல குடுத்துப் பாத்தேன், ரெண்டு சத்தமும் ஒட்டிக்கிச்சு, பிரிக்க முடியாதுன்னுட்டான். உங்களுக்குத்தான் உங்க கொரல் தெரியும். எதாச்சும் கேக்குதா பாருங்கக்கா."

மெரின் வீடியோவை மூன்று தடவை பார்த்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்தாள். "அப்ப நாந்தான் அவரு பேச்ச மூடிட்டனா" என்றாள். நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன், டோனி கையைப் பிடித்து நிறுத்தினார்.

மறுநாளிலிருந்து காலையில் கம்பெனி வண்டி வருவதற்கு முன் அரை மணி நேரம் சாமான் அறைக்குள் போய்விடுவாள். பழைய மெத்தை, பழைய வியர்வை. காதில் ஹெட்போன். மூன்று வருடமாகத் திறக்காத அறையை இதற்காகத் திறந்தாள். எப்படிக் கேட்கிறாய் என்று கேட்டேன்.

"அது பேசும்போது நானும் கூடவே மனசுக்குள்ள பேசிக்கிட்டு வர்றண்ணே. அப்ப என் சத்தம் எனக்கு வுழல. அதுக்கு அடியில என்னா இருக்குதோ அது வுழுது. மூணு எண்ணுற எடத்துல இன்னும் நல்லா வுழுது" என்றாள். பல மாதத்துக்கப்புறம் அவள் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அது.

ஒன்பது நாள் கேட்டாள். சீட்டில் எழுதிக்கொண்டு டோனியோடு என் கடைக்கு வந்தாள். முதல் வரிக்கு அப்புறம் விட்ட இடைவெளியில், "தனம்". இரண்டாவது இடைவெளியில், "மறந்துட்டேன்". அடுத்ததில், "ஆஃப் பண்ணிடு". அதற்கு நடுவிலும் முன்னும் பின்னும் அவர் பேசியது எல்லாம் மெரின் குரலுக்கு நேர் அடியில் மாட்டிக்கொண்டது. அது வராது என்றாள்.

தகவல் சொல்லி வந்த துர்கா அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். "இவ்ளோதானா? ஆஃப் பண்ணிடுன்னா எத? ஃபேனா, டிவியா? இதக் கொண்டுபோயி அம்மாகிட்ட எப்படிக் குடுப்பேன்? மிச்சத்துல அந்தப் பேச்சும் இருந்துச்சோ என்னவோன்னு இன்னும் பயப்படுவாங்க" என்றாள். பிறகு மெரினைப் பார்த்து மெதுவாக, "அக்கா, நீங்களே நல்லதா ரெண்டு வார்த்த சேத்துச் சொல்லிடுங்களேன். நீங்க சொன்னா நம்புவாங்க" என்றாள்.

இந்த இடத்தில் நான் செய்த காரியத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கை அரித்தது. முப்பது வருடமாக அடுத்தவர் சொல்ல வேண்டியதை எழுதிக் கொடுத்துப் பழகிய கை. ஒரு தாளை எடுத்து எழுதினேன்: "பயப்படாத தனம். நீ சொன்னது சரிதான். நான் வந்துடுவேன்." டோனியும் படித்துப் பார்த்து, "சொல்லிடு மெரின், யாருக்கு என்ன நஷ்டம்" என்றார். மெரின் தாளை வாங்கித் தன் குரலில் படித்தாள். அவ்வளவு நன்றாக இருந்தது. துர்காவின் கண் நிறைந்துவிட்டது. என் கண்ணும்தான்.

மெரின் தாளை மடித்து என் மேஜையில் வைத்தாள்.

"நல்லாருக்குண்ணே. ஆனா இது நீங்க எழுதுனது. இந்தக் கொரல் இது வரைக்கும் பேசுனதெல்லாம் யாரோ எழுதிக் குடுத்ததுதான். அந்தம்மாகிட்ட போயி அதையே பேசணுமா? கெடச்சது மூணு வார்த்த. அத அப்புடியே சொல்றேன். வேணாம்னா நான் வரல."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவள் சொன்னது சரி என்று புரிய இரண்டு நாள் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான்கு பேரும் டோனியின் ஆட்டோவில் நோணாங்குப்பம் போனோம். குழாய்களுக்குச் சாக்குப் பை கட்டியிருந்தார் டோனி. தெருவில் போகும்போது யாருக்கும் திடுக்கென்று இருக்கக் கூடாதாம். படகுக்குப் போகிற வெளியூர்க்காரர்கள் கூட்டமாக நடந்தார்கள். நான்கு வருடத்துக்கு முன் இதே தெருவில் காக்கை மட்டும்தான் நடந்தது. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, சொல்லவில்லை.

தனக்கொடி பின்கட்டில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதுதான், பார்த்தால் பத்து வருடம் கூடத் தெரிந்தது. மெரின், "வணக்கம்மா" என்றாள். அவ்வளவுதான். அந்த அம்மாவின் கத்தி நின்றுவிட்டது.

"இந்தக் கொரலா" என்றார். நிமிர்ந்து மெரினைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தார். "இத ஏன்டி வூட்டுக்குக் கூட்டியாந்த?"

மெரின் திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் அங்கேயே தரையில், மீன் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நேராகவே சொன்னாள். "அன்னிக்கு உங்க வூட்டுக்காரரு பேசும்போது நாந்தாம்மா ஆட்டோல பேசிக்கிட்டுப் போனேன். அவரு சொன்னது முழுசா கெடைக்கல. மூணு வார்த்த கெடச்சுது. எனக்கு அர்த்தம் தெரியல. உங்களுக்குத் தெரியுமான்னு கேக்க வந்தேன்."

தனக்கொடி கையைக் கழுவவில்லை. "என்னா சொன்னாரு?" என்றார். அந்தக் கேள்வியின் பதிலுக்கு நான்கு வருடம் பயந்திருக்கிறார் என்பது கேட்ட விதத்திலேயே தெரிந்தது.

"தனம்னு கூப்பிட்டாரு. அப்புறம் மறந்துட்டேன்னாரு. அப்புறம் ஆஃப் பண்ணிடுன்னாரு."

துர்கா அம்மாவின் தோளைத் தொடப் போனாள். தனக்கொடி கையை விலக்கினார். தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தார். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி இருந்தது.

"மோட்டாரு" என்றார்.

எங்களுக்குப் புரியவில்லை.

"அன்னிக்கு சாயங்காலம் இவருதான் மோட்டாரப் போட்டாரு. வண்டி வந்துச்சு, அப்புடியே போயிட்டாரு. நான் வாசப்படிலேயே குந்திட்டேன். தொட்டி ரொம்பி தண்ணி ஊத்துது, ஊத்துது, எனக்குத் தெரியல. பக்கத்து வூட்டு கண்ணையன் செவுரு பூரா நனஞ்சுபோச்சு. அவருதான் வந்து நிறுத்திட்டு, வூட்ல ரெண்டு பேரு இருந்துகிட்டு என்னா பண்றீங்கன்னு திட்டிட்டுப் போனாரு." துர்காவைப் பார்த்தார். "உனக்குத் தெரியாது. வண்டி போனதும் நீ மேல காய்ச்சல்ல தூங்கிட்ட."

பிறகு மெரினிடம், "கோவமா சொன்னாராம்மா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. சாதாரணமாத்தான் சொன்னாரு."

"மிச்சம்?"

"மிச்சம் என் சத்தத்துல போயிடுச்சும்மா. எவ்வளவோ பாத்தேன். வரல." மெரின் கை கூப்பினாள். "மன்னிச்சிடுங்க."

தனக்கொடி மீன் கையாலேயே மெரினின் கையைப் பிடித்தார். "மிச்சம் எனக்குத் தெரியும். மோட்டாரப் போட்டா பக்கத்துலேயே நிக்கணும், தண்ணி வீணாப் போனா கரண்டும் வீணும்பாரு. இருவத்தெட்டு வருஷம் என்னைத் திட்டுனாரு. அன்னிக்கு அவரே மறந்துட்டாரு. அதச் சொல்லத்தான் மாஸ்க்க எறக்கியிருக்காரு."

இதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது. துர்கா அழுதாள், டோனி வெளியே போய் நின்றார். மெரின் மட்டும் அந்தக் கையை விடாமல் உட்கார்ந்திருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் தனக்கொடி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மெரினைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். ஊரே கேட்க வேண்டாம் என்ற குரலிடம், பதில் வேண்டும் என்று கேட்டார்.

"திரும்பி வரமாட்டோம்னு நெனைக்கிற ஆளு மோட்டாரப் பத்தி கவலப்படுவாராம்மா?"

"மாட்டாரும்மா" என்றாள் மெரின்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றார் தனக்கொடி.